அருவிக்கு வந்த சீப்பு

அன்புள்ள மகள் ஒடிலியாவுக்கு, டூசான் பாலைவனத்து மலையடி வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். ராத்திரியிலும் வெளிச்சம் போகாத அந்த அலாஸ்காவில் நீ ஒழுங்காகச் சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைச் சமையல் மேடைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியை மாற்றச் சொல்லாதே, உட்கார முடியாததற்குக் காரணம் வேறே. உன் அம்மா போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே உனக்கு என்னவோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு முள் குத்திய பாதியை மட்டும்தான் சொல்லியிருப்பாள், மீதியை நான் எழுதுகிறேன்.

புனிதர் சான் ஹுவான் திருநாளன்று ஓடுகிற தண்ணீரில் தலையை நனைத்து நுனி முடி வெட்டிக்கொண்டால் வருஷம் பூராவும் முடி நன்றாக வளரும் என்பதில் உன் அம்மா எவ்வளவு பிடிவாதம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயும் அருவியடியில் கத்தி ஊரைக் கூட்டிக்கொண்டு தலையைக் கொடுத்தவள்தானே. போன வருஷம் அந்த நாளில் வெட்டுவதற்கு அவள் தலையில் ஒன்றுமே இல்லை, ஆஸ்பத்திரி மருந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. இப்போது விரல் நீளத்துக்கு வந்திருக்கிறது, வெள்ளை வெளேரென்று, அதுவும் சுருட்டையாக. கட்டி போய்விட்டது என்று டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொல்லியும் இவள் மனசார நம்பவில்லை. "அவங்க சொன்னா சொல்லட்டும், நான் கணவாய் அருவியில முடி வெட்டிக்கிட்டாத்தான் கட்டி போச்சுன்னு நம்புவேன்" என்று சொல்லிவிட்டாள். நீயே சொல், ஜூன் மாசக் கடைசி, மழை இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அருவி எல்லாம் காய்ந்து கிடக்கிற காலம். தண்ணீர் இல்லாமல் திரும்பினால் அதையே தனக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்வாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். வீட்டுக் குழாயிலேயே நனைத்துக்கொள்ளேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், "குழாயில எங்க தண்ணி ஓடுது, மீட்டர்தான் ஓடுது" என்று வாயை அடைத்துவிட்டாள்.

விடியும் முன்பே உன் ஞானத்தாய் நாச்சா கத்தரிக்கோலும் ஒரு கூடை பீன்ஸ் சுருட்டிய புரீட்டோ ரொட்டியுமாக வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் ஏறினால் வாய் ஓயாது என்பது நீ அறிந்ததுதான். கணவாய்ப் பாதை இன்னும் அதே குண்டும் குழியும்தான். வண்டியை மெஸ்கீட் மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தோம். சகுவாரோக் கள்ளிகளின் தலையில் பழம் பழுத்து வெடித்துச் செக்கச்செவேலென்று இருந்தது, புறாக்களுக்கு அங்கே விருந்து. ஹவலினாப் பன்றி ஒன்று குட்டிகளோடு பாதையை மறித்து நின்றுகொண்டு, எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனது. நாச்சா குளித்து நாளாகிவிட்டதோ என்னவோ என்றேன், "அண்ணே, அது உங்க சொந்தக்காரங்க, நலம் விசாரிச்சிட்டுப் போகுது" என்றாள். உன் அம்மா சிரித்தாள். ஆனால் கையிலிருந்த கைத்தடியை விடவே இல்லை, நடையில் இன்னும் பழைய பலம் வரவில்லை, அதை நான் கவனித்துக்கொண்டேதான் வந்தேன்.

முதல் அருவி வெறும் பாறை. அடியில் சேறுகூட இல்லை, விஷப் பல்லி ஒன்று உருண்டையாகப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். உன் அம்மா கைத்தடியை ஊன்றி மேலே ஏறினாள். இரண்டாவது அருவியில் பாறை மேல் ஈரக்கறை மட்டும், அதைத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நாச்சா கத்தரிக்கோலைக் கூடைக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டாள். உன் அம்மாவின் முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது இருக்குமே, அப்படி ஆகிவிட்டது. அவளைப் பார்க்க முடியாமல் நான் திரும்பி, பார்க்காமலேயே ஒரு பாறையில் தொப்பென்று உட்கார்ந்தேன். பாறைமேல் உடம்பெல்லாம் கொக்கி முள்ளான சோய்யாக் கள்ளி உருண்டை ஒன்று எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் நீள மூக்குச் சூலோப் பிராணிக் கூட்டம் ஒன்று வாலை நட்டுக்கொண்டு மரத்திலிருந்து குதித்து ஓடியது. கையால் பிடுங்கினால் கையில் ஒட்டிக்கொள்ளும் சனியன் அது, சீப்பால்தான் நெம்பி எடுக்க வேண்டும். சீப்பைக் கொடு, சீப்பைக் கொடு என்று கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, சீப்பு இல்லை. இந்த ஊரில் மொட்டைத்தலையன்கூடச் சீப்பில்லாமல் வாசல் தாண்ட மாட்டான், நானும் தாண்டியவன் இல்லை. ஆனால் உன் அம்மாவுக்கு முடி கொட்டிய வாரம், அவள் கண்ணில் படக்கூடாது என்று வீட்டிலிருந்த சீப்பையெல்லாம் பொறுக்கி, வண்டியில் கள்ளி முள்ளுக்காக வைத்திருந்ததையும் எடுத்து, கொட்டகையில் ஆணி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். அன்றைக்கு அதுதான் எனக்குத் தெரிந்த உதவி. பிறகு அதை வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை, எடுத்தால் எதையோ அவசரப்பட்டு நம்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று.

"குனிஞ்சு நில்லு கிழவா" என்றாள் உன் அம்மா. திரும்பிப் பார்த்தால் அவள் கையில், நான் டப்பாவில் போட்டு மூடிய பச்சைச் சீப்பு. பல்லை உள்ளே கொடுத்து ஒரே சுண்டு, உருண்டை பறந்து போய்ப் புதரில் விழுந்தது. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். "உன் டப்பாவை நான் அப்பவே பாத்துட்டேன். முதல்ல பூஞ்சை மாதிரி முடி தெரிஞ்ச அன்னைக்கே இத எடுத்துப் பைல வெச்சுக்கிட்டேன். நீ வெளிய போனப்புறம் தினமும் வாருவேன், வாரறதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும்" என்றாள். அவள் நம்பவில்லை நம்பவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் மகளே, நம்பாமல் இருந்தவன் நான்தான். நாச்சா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். நான் வலியில் அழுததாகத்தான் நாச்சாவிடம் சொன்னேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு நான்தான் முன்னால் ஏறினேன், ஒரு கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு. அந்த நடையைத்தான் உனக்கு நடித்துக் காட்டத் துடிக்கிறாள் நாச்சா. மூன்றாவது அருவிக்குப் போய் நின்றால், பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் நாம் பார்த்த அருவி இல்லை, நூல் கனம்தான், ஆனால் விழுந்துகொண்டிருந்தது. உன் அம்மா முதலில் சீப்பைக் கழுவினாள், "உன் பின்பக்கத்துல போன சீப்பைத் தலையில வைக்க மாட்டேன்" என்று மூன்று முறை கழுவினாள். பிறகு தலையைக் கொடுத்து, வாரி, நாச்சாவிடம் காட்டினாள். நாச்சா போட்ட முதல் வெட்டு கோணலாகப் போய்விட்டது. உன் அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கோணலானாலும் வெட்டினது வெட்டினதுதான் என்று கெக்கெக்கே என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. புரீட்டோவை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் நின்று சாப்பிட்டேன்.

முள் நுனி இன்னும் சில உள்ளேயே இருக்கிறது, பயப்படாதே, உன் அம்மா சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு இடுக்கியோடு வருகிறாள், அவளுக்கு இதில் கொள்ளை சந்தோஷம். சீப்புகள் எல்லாம் அந்தந்த இடத்துக்குத் திரும்பிவிட்டன. நீ மீன் மட்டுமே தின்று இளைத்துவிடாதே, காலுறை நனைந்தால் உடனே மாற்று, லீவு கிடைத்தால் மழை தொடங்கியதும் வா. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல். இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்த சின்னக் காகிதத்தைக் குப்பை என்று உதறிவிடாதே, அதில் இருப்பது உன் அம்மாவின் முடி. வெள்ளையாக இருக்கிறதே என்று பார்க்காதே, வெட்டின இடத்தில் இன்று காலை தொட்டுப் பார்த்தேன், வளர்ந்திருக்கிறது.

நின்றபடியே,
உன் அப்பா பிராவ்லியோ