ஒரு மாத்திரைகூட இல்லாமல்

ஜூன் 9

என் அன்புத் தங்கச்சி ஜன்னல்காரிக்கு,

நான் நலம். போனில் எதைக் கேட்டாலும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதிக் கேட்டால்தான் உன்னிடமிருந்து உண்மை வரும். வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவளா இப்படிப் பதுங்குகிறாள்?

என் செய்தி கேள். ரத்தம் போவது நின்று மாதக்கணக்காகிறது. எல்லாம் சாப்பாட்டால்தான். பால், கோதுமை, சர்க்கரை, முட்டை எதுவும் என் வீட்டுக்குள் வருவதில்லை. வேகவைத்த காயும் வடித்த சாறும்தான். ஒரு மாத்திரைகூட இல்லை. இப்போது சனிக்கிழமைதோறும் என் கூடத்தில் வகுப்பு நடக்கிறது. நம்மைப் போலக் குடல் நோயோடு வருகிறவர்களுக்கு நாற்காலி போதவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை.

நீயும் மாத்திரையை விட்டுவிட்டு வா. உன்னைத் தேற்றாமல் விடமாட்டேன்.

உன்
டீச்சரக்கா


ஜூன் 21

அன்புள்ள டீச்சரக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். தையல் ஆலையில் கையை எடுக்க நேரமில்லை. கழிப்பறைக்குப் போக மட்டும்தான் எழுந்திருக்கிறேன், அதற்கும் பேச்சு. நேற்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "உன் மெஷினை அங்கயே கொண்டுபோய்ப் போட்டுடவா?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

பெருங்குடல் அழற்சி அடங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் மாத்திரையால் முகம் பூசணிக்காயாகிவிட்டது, முடி சீப்போடு வருகிறது. உணவு ஆலோசகரிடம் கேட்டேன். "சாப்பாடு தெம்பு குடுக்கும், நோய் ஏறுற சமயத்துல வயித்தை உறுத்தாம பாத்துக்கும். மருந்தோட வேலையை அது செய்யாது" என்றார். எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடச் சொன்னார். கண்டதையும் விட்டால் சத்துக் குறைந்துபோகுமாம்.

உங்களைப் பார்த்தால் அவர் சொல்வது நம்பும்படி இல்லை. நிஜமாகவே ஒரு மாத்திரைகூட இல்லையா அக்கா? சத்தியம் செய்து எழுதுங்கள்.

உங்கள்
ஜன்னல்காரி


ஜூன் 30

கண்ணே,

சத்தியம். ஒரு மாத்திரைகூட நான் விழுங்குவதில்லை. அந்த ஆலோசகர் படித்துத் தெரிந்துகொண்டவர், நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். யாரை நம்புவது என்று நீயே முடிவு செய்.

எதை எப்போது சாப்பிடுவது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

முத்தங்களுடன்
அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையை நிறுத்தினேன். முகம் வற்றிப் பழையபடி ஆனபோது கண்ணாடியை விட்டு நகர மனம் வரவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். இப்போது மறுபடி ரத்தம் போகிறது. ஆலைக்குப் போவதில்லை. சட்டையெல்லாம் வேறு யாருடையதோ போலத் தொங்குகிறது.

நேற்று இவர் முட்டை அவித்துக்கொண்டு வந்து, "இந்த ஒண்ணையாவது தின்னு" என்று கெஞ்சினார். நீங்கள் கூடாது என்றது நினைவுக்கு வர, தட்டைத் தள்ளிவிட்டேன். அது தரையில் விழுந்தது. தரையைத் துடைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

டாக்டரிடம் போகட்டுமா? உங்கள் சொல்லை மீறுகிறேனோ என்றும் இருக்கிறது.

ஜன்னல்காரி


ஆகஸ்ட் 20

தங்கமே,

பயப்படாதே. உடம்பு பழைய மருந்தை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இப்போது போனால் மறுபடி அந்த மாத்திரையையே வாயில் திணிப்பார்கள். பட்ட கஷ்டமெல்லாம் வீணாகும். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. எனக்குத் தெரியாமல் எதையாவது சாப்பிடுகிறாயா? வகுப்பில் மற்றவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அக்கா


அக்டோபர் 3

டீச்சரக்காவுக்கு,

நீங்கள் அப்படிக் கேட்டு எழுதிய வாரமே குளியலறையில் மயங்கி விழுந்தேன். இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கிறது, கழிவு அதில்தான் இறங்கும். மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழக்குகிறார்கள். எல்லாவற்றையும் மென்று மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உங்களைத் திட்டி எழுத நினைக்கவில்லை. நம்பியது நான்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் நம் பழைய வார்டு நர்ஸ் பார்க்க வந்தார்.

"உங்க டீச்சரக்கா வந்திருந்தாங்களே, பாக்கலையா?"

"எங்க வந்தாங்க?"

"அவங்க எப்பவும்போல இந்தக் குடல் நோய்க்கு ஊசி மருந்து ஏத்திக்க வந்தாங்க. ஒரு தடவைகூடத் தவறவிட மாட்டாங்க. அதான் நல்லா இருக்காங்க."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இது உண்மையா? அதை மட்டும் எழுதுங்கள்.


அக்டோபர் 11

அன்புத் தங்கைக்கு,

செய்தி படித்து அழுதேன். உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நீ மாத்திரை என்றுதானே கேட்டாய்? மாத்திரை வேறு, ஊசி வேறு. நான் செய்தது பொய்ச் சத்தியம் இல்லை. ஊசியை உடம்பு தாங்குவதற்குச் சாப்பாடுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என்னைத் தேடி எத்தனையோ பேர் வருகிறார்கள். வேலையை விட்டு வீட்டோடு கிடந்தவளுக்கு இது ஒன்றுதான் பிடிப்பு. அவர்கள் காதில் இதைப் போட்டு மனதைக் கலைத்துவிடாதே. உனக்கு என்ன உதவி வேண்டுமானாலும் கேள்.

என்றும் உன்
அக்கா


நவம்பர் 2

டீச்சருக்கு,

நேற்று உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னை நீங்கள் பார்த்தீர்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது, பிறகு எழுதியது.

ஒரு அம்மா மகளை அழைத்து வந்திருந்தார். மெலிந்த பெண். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து சட்டையை விலக்கிப் பையைக் காட்டினேன். நீங்கள் ஊசி போட்டுக்கொள்வதையும் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "நீங்க ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த அம்மா மட்டும் படியிறங்கி என் பின்னால் வந்தார். "ரெண்டு நாளா குடுக்கலம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "இன்னிக்கே குடுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே உங்கள் கூடத்துக்கே ஏறிப் போனார்.

கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுத வேண்டாம்.