மேல தொறந்து இருக்குதா?

இன்று காலை தகர டின்னில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கிப் புகைந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ முதுகுக்குப் பின்னால் நின்று, "தள்ளி நில்லுங்க, கண்ணுல தெறிக்கப் போவுது" என்று அதட்டியது போலவே இருந்தது. உடனே தள்ளி நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ இருக்கமாட்டாய் என்று தெரியும்.

நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். நீ போன பிறகு வரும் இரண்டாவது. மழை விட்ட இடைவெளியில் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். என்னைப் பெற்ற நைனாவுடையதற்கு அடித்து முடித்துவிட்டு உன்னுடையதற்கு அடிக்க வேண்டும். டின்னில் மிஞ்சுவது நம் வீட்டு மொட்டை மாடிக்கு. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நீதானே.

ஞாபகம் இருக்கிறதா? நைனா கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு கையை வெள்ளையடித்த கல்லறை மேலும், இன்னொரு கையைப் பக்கத்துக் கறுப்பு டைல்ஸ் கல்லறை மேலும் வைத்தாய். டைல்ஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாய். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம மாடிக்கும் இதையேதான் அடிக்கணும்."

"கல்லறைக்கு அடிக்கிறத வீட்டுக்கு அடிப்பியாடி? சனங்க இன்னா சொல்லும்?"

"எது வீடு, எது கல்லறைன்னு வெயிலுக்குத் தெரியுமா?"

அப்போது நமக்கு வீடே இல்லை, வெறும் மனைதான் இருந்தது. இருபது வருடம் ஒரு இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பிளான் வரைந்தாய். மேற்கே முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கண்ணாடி வரைந்து கொடுத்தாய். "வெந்து சாவப் போறாங்க" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்புவாய். உன் இஷ்டப்படி வரைந்தது இந்த ஒரே வீடுதான். அதுவும் பஜாரில் ஃபேனும் ஏசியும் விற்கிறவன் வீடு!

"ஏசிக்காரன் வூட்லயே ஏசி இல்லன்னா எவன் எங்கிட்ட வாங்குவான்?" என்று குதித்தேன்.

"நீங்க ஊருக்கு வித்துக்கோங்க, யாரு வேணான்னது? நம்ம வூட்டுக்கு வெயிலு எப்ப வரணும், எப்ப வரக்கூடாதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

சொன்னதைச் செய்தாய். மனை நடுவில் ஒரு துடைப்பக் கட்டையை நட்டு, ஒரு வருடம் முழுக்க, ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய் அதன் நிழலை அளந்தாய். நிழல் முடியும் இடத்தில் செங்கல் துண்டு வைத்து எனாமல் பெயிண்டில் மாதம் எழுதினாய். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும் என்று நீ சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வடக்கே எங்கே வெயில் வரும்? வைகாசி மத்தியானம் ஒன்றில் கூட்டிப் போய் நிறுத்தினாய். கட்டையின் நிழல் தெற்குப் பக்கம் விழுந்து கிடந்தது. "இன்னா சிரிப்பக் காணோம்? இப்ப சிரிங்க பாப்போம்" என்றாய். நாற்பத்தைந்து வயதுவரை இந்த ஊரில் வெயிலில் அலைந்தவன், சூரியன் வடக்கே போய் நிற்பதை அன்றுதான் கவனித்தேன்.

மேற்கே ராஜகிரிக் கோட்டை மலை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, பொழுது சாய்ந்ததும் அதைத் திருப்பி நம் மேல் கொட்டும். அதனால் மேற்குப் பக்கம் சாமான் அறை, குளியலறை, மாடிப்படி என்று அடுக்கினாய். படிக்கு உச்சியில் ஒரு கூண்டு. அதன் தலையில் கண்ணாடி, நாலு பக்கமும் திறப்பு. வீட்டுக்குள் சூடாகிற காற்று படி வழியாக ஏறி அங்கே வெளியே போய்விடும், வடக்கு ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். குடிவந்த வாரம் கீழ்ப்படியில் ஊதுவத்தி ஏற்றி வைத்தாய். புகை படிப்படியாக ஏறி, திருப்பத்தில் வளைந்து, மேலே போய் மறைந்தது. நீ கைதட்டினாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு செங்கல்லைக்கூட உன்னைக் கேட்காமல் நகர்த்த மாட்டேன் என்று கடக்கால் தோண்டி அஸ்திவாரம் போட்ட அன்று சத்தியம் செய்திருந்தேன். இனி எழுதப்போவதைத்தான் ஒன்றரை வருடமாக எழுத முடியாமல் கிடந்தேன்.

கூண்டுத் திறப்புகளுக்குக் கனமான இரும்பு வலை போடச் சொல்லியிருந்தாய். நான் கடையில் கிடந்த கோழி வலையை அடித்துவிட்டு, கனமானதுதான் என்றேன். அது முதல் பொய், சின்னது. கோட்டைக் குரங்குகளுக்குக் கோழி வலை எந்த மூலைக்கு? நீ ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வலை கிழிந்து தொங்கியது. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கடுவன் குரங்கு உட்கார்ந்து உன் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. மறுநாள் உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வயிற்றில் தையல்.

நம் வீட்டைக் கட்டிய சூசை கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரே காலையில் நாலு திறப்பையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டோம். தலையில் கண்ணாடி அப்படியே இருந்ததால் வெளிச்சம் குறையவில்லை. காற்று மட்டும் நின்றது. "அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சூசையிடம் சொன்னேன். நீ தேறி எழுந்ததும் நல்ல வலை வாங்கித் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அது சித்திரை. ஹாலில் கட்டில் போட்டு உன்னைப் படுக்க வைத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். நீ சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏங்க, மேல தொறந்து இருக்குதா?"

"தொறந்துதான் இருக்குது."

"ம்" என்றாய். அவ்வளவுதான். நான் சொன்னால் நம்புகிறவள் நீ.

ஊதுவத்தி ஏற்றச் சொன்னாய். புகை படிக்குப் போகவில்லை, உன் கட்டிலைச் சுற்றியே நின்றது. நீ இருமினாய். "வெளிய காத்தே இல்ல, மரத்துல இலகூட அசையல" என்றேன். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இவ்வளவு முடியாமல் கிடக்கிறவளிடம் சத்தியத்தை மீறினேன் என்று எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் தள்ளியது, பிறகு ஒவ்வொரு நாளும் தள்ளியது.

நிழலின் அளவுகளை எழுதி வைத்த அந்தக் கோடு போடாத நோட்டைக் கேட்டு வாங்கினாய். வலி விட்ட நேரமெல்லாம் பென்சிலும் கையுமாக இருந்தாய். படியின் அகலம், திறப்பின் அளவு, ஜன்னலின் அளவு என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட்டாய். "எங்கியோ வுட்டுட்டேங்க. எங்கன்னுதான் தெரியல" என்றாய். நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். ஐயோ, அந்தத் தோலின் வாடைகூட இன்னும் என் விரலில் இருக்கிறது.

வைகாசி பிறந்த வாரம் நீ போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், கோணல் எழுத்தில், 'என் கணக்கு தப்பு. இனிமே யாருக்கும் இந்த மாதிரி கூண்டு சொல்லக்கூடாது' என்று இருந்தது.

அதன் பிறகும் நான் திறக்கவில்லை, கேட்டுக்கொள். திறந்து, வீடு குளிர்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். மழையும் பனியும் இருந்தவரை தப்பித்தேன். சித்திரை திரும்பி வந்தது. கட்டிலைக் கழற்றிப் போட்டும், மூன்று மணியானால் அந்த இடத்திலிருந்து உன் குரல் கேட்டது. மேல தொறந்து இருக்குதா? நான் தெருவுக்கு ஓடிப்போய் நிற்பேன். பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டாய்.

சூசையைக் கூப்பிட்டேன். உளியும் சுத்தியலுமாக மேலே ஏறினோம். முதல் பக்கத்தை உடைத்துவிட்டு அவன் நின்றுவிட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அக்கா எனக்கு போன் பண்ணாங்க."

"எப்ப?"

"படுத்த படுக்கையா இருந்தப்பதான். 'சூச, நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட. மேல ஏதாச்சும் அடச்சிருக்குதா?'ன்னு கேட்டாங்க. நீங்க சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களே... 'இல்லக்கா, தொறந்துதான் இருக்குது'ன்னுட்டேன்."

உனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து அதையும் அடைத்துவிட்டோம். சூசை உளியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. உளியை எடுத்து மீதி மூன்று பக்கத்தையும் நானே உடைத்தேன்.

கனமான வலை அடித்து முடிக்க இரண்டு நாளானது. அன்று மத்தியானம் கீழ்ப்படியில் ஊதுவத்தி ஏற்றினேன். வெளியே மரத்தில் இலை அசையவில்லை. புகை கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு முதல் படி, இரண்டாவது படி என்று ஏறி, திருப்பத்தில் வளைந்து போய்விட்டது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். நாம் குடிவந்த வருடம், இதே சித்திரையில், மூன்று மணிக்கு நீ பார்த்துச் சுவரில் குறித்து வைத்த இடத்திலேயே நின்றது.

நோட்டை எடுத்து உன் வரியை அழிக்கப் போனேன். உன் கையெழுத்தில் ரப்பரை வைக்க மனம் வரவில்லை. அதற்குக் கீழே, 'கணக்கு சரி. அடைத்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தை நீ பார்க்கவே போவதில்லை.

டின்னில் சுண்ணாம்பு ஆறிவிட்டது. இப்போது கல்லறைக்குப் போக வேண்டும். மூன்று மணிக்குள் திரும்பிவிடுவேன். தினமும் அந்த நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து படியேறுகிறேன். நாலு பக்கமும் வலையில் கையை வைத்து, காற்று வெளியே போகிறதா என்று பார்க்கிறேன். இறங்கி வந்து, கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக நின்று சத்தமாகச் சொல்கிறேன்.

"தொறந்துதான் இருக்குது."

அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைதான், இப்போது உண்மை. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன். "ம்" என்று மட்டும் நீ சொல்வதில்லை.