பூட்டுப் போட்ட மீன்தொட்டி

விருத்தாசலம்
13.7.2003

அன்புள்ள மாமாவுக்கு,

வேல்விழி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகம்தான் என்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொன்னீர்களே, அதை மட்டும் நம்பவில்லை.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் உங்கள் தம்பி பழமலைநாதன் ரூமில் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் அவர் மனைவி செல்வநாயகி அங்கேயே நின்று துணி மடிப்பாள். மடித்த துணியையே உதறி மறுபடியும் மடிப்பாள். ஓரகத்தி காது கேட்கிற இடத்தில் நான் என்ன பேசுவது? இனி முக்கியமானது எல்லாம் லெட்டரில்தான்.

நீங்கள் வேலை பார்க்கிற ஹோட்டலில் மீன்தொட்டி பார்த்துக்கொள்கிற பாரியிடம் வாங்கி அனுப்பின உப்பும், உப்பு அளக்கிற கருவியும் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கொண்டுவந்தவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் டேப் புதிதாக இருந்தது. கேட்டேன். ஏர்போர்ட்டுல பிரிச்சுப் பாத்தாங்க என்றார். ஒன்றும் எடுக்கவில்லையா என்றதற்கு, உப்ப எடுத்து என்னாங்க பண்ணப் போறாங்க என்று சிரித்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் தெருமுனை தாண்டியதும் எடை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கப்பி, மோலி, ஏஞ்சல் என்று மொட்டை மாடி சிமென்ட் தொட்டியில் வளர்த்தவள் நான். நல்ல தண்ணீர் மீன் என் கையில் பெருகும், உங்களுக்கே தெரியும். ஆனால் இந்த உப்புத் தண்ணீர் என்னைப் பச்சைப் பிள்ளை ஆக்கிவிட்டது. ஒரு மாதம் மீனே விடாமல் வெறும் தண்ணீரை ஓட விட்டேன். கண்ணுக்குத் தெரியாத கிருமி வளர்ந்தால்தான் மீன் பிழைக்கும் என்று பாரி சொன்னதாகச் சொன்னீர்கள். வெறுந்தண்ணிக்கு எதுக்குக்கா கரண்டு என்று செல்வநாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வேறு மளமளவென்று குறைந்தது. யாரோ மொண்டு ஊற்றுகிறார்கள் என்று கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். குறைகிற அளவுக்கு உப்புத் தண்ணீரே ஊற்றினேன், உப்பு ஏறிக்கொண்டே போனது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது.

பவளப் பாறை வாங்காதே, வனத்துறை கேஸ் ஆகிவிடும் என்றீர்கள். நம் பீங்கான் பொம்மை யூனிட்டில் சொந்தமாகச் சூளை இருக்கும்போது நமக்குக் கடல் பாறை எதற்கு? நானே களிமண்ணில் பொந்தும் வளைவுமாகப் பாறை பிடித்து, மேலே பளபளப்புக்குப் பச்சை கிளேஸ் பூசி, பொம்மை லோடோடு சேர்த்துச் சுட்டேன். நடுவில் இடமில்லை, ஓரத்தில்தான் வைக்க முடிந்தது. தொட்டிக்குள் வைத்துப் பார்த்தால் பாசி படிந்த பாறை தோற்றது போங்கள்.

இப்போது இரண்டு கோமாளி மீன் இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து கொளஞ்சியப்பன் என்று ஒருவர் இந்த வாரம்தான் மீன் வண்டியில் நத்தை, இறால், ஒரு கடல் தாமரை கொண்டுவந்து கொடுத்தார். தாமரை என்று பெயர்தான், அது பூ இல்லை, உயிருள்ள பிராணி. தீனி வைத்தால் விரலால் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் இல்லாத வீடு என்பது கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

செல்வநாயகிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தாய்வீட்டில் கொடுத்த பீரோ ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உப்புச் சாரல் பட்டு அடியில் துரு ஏறிவிட்டதாம். தொட்டிய மாடிக்கு மாத்தக் கூடாதா என்று புருஷனிடம் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

நாளை மறுநாள் மங்களூரில் கல்யாணம், போய்வர மூன்று நாள் ஆகும். தொட்டியை அவளிடம்தான் ஒப்படைத்துப் போகிறேன், வேறு ஆள் இல்லை. மனசு ஒப்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வேல்விழி


விருத்தாசலம்
31.8.2003

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதி இதில்.

கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் தொட்டியிடம்தான் போனேன். நத்தைகள் தரையில் மல்லாந்து கிடந்தன. இறால் வெளுத்துப்போய் ஒரு மூலையில். கடல் தாமரை சுருங்கி, நாலு நாளில் கூழாகக் கரைந்துபோனது. கோமாளி மீன் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

நீங்கள் பாரியிடம் கேட்டுச் சொன்னீர்களே, மீன் பிழைத்து நத்தையும் இறாலும் சாகிறது என்றால் தண்ணீரில் காப்பர் இறங்கியிருக்கிறது என்று. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன், சமையல்கட்டில் அவளுடைய செப்புக் குடம் பளபளவென்று நிற்கிறது. அதில் ஊற்றி வைத்த தண்ணீரைத்தான் அவள் குடிப்பாள்.

கேட்டேன். மறைக்கவில்லை. ஆமாக்கா, அதுலேருந்துதான் ஊத்தினேன், பைப்பு தண்ணியில மருந்து இருக்குது, மீனுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்றாள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் வாசலிலேயே இருந்ததே, அதை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குவானேன்? பீரோவில் துரு ஏறினதற்குப் பழி தீர்த்துக்கொண்டாய் என்று உங்கள் தம்பி எதிரிலேயே சொல்லிவிட்டேன். உன்னை நம்பி ஒப்படைத்தேனே, வாயில்லாத ஜீவனைக் கொல்ல எப்படி மனசு வந்தது என்றும் கேட்டேன்.

நான் பண்ணலக்கா என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். செய்யாதவளாக இருந்தால் நூறு தடவை சொல்லியிருக்க மாட்டாளா? அழுது புரண்டிருக்க மாட்டாளா? அவள் பாட்டுக்கு அடுப்பை அணைத்தாள், குடத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், ஒரு பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு நிற்குமா? நீங்களும் நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று போனில் சொன்னீர்கள். அந்த வார்த்தைதான் எனக்குத் தெம்பு.

உங்கள் தம்பி அவளைக் கூட்டிவரப் போகவும் இல்லை, என்னிடம் பேசவும் இல்லை. யூனிட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மை அச்சில் மண்கூழ் ஊற்றுகிறார். சாப்பாடு ஜங்ஷன் ஓட்டலில். நேற்று மட்டும் வாயைத் திறந்தார். அண்ணன் பொங்கலுக்கு வரட்டும், வூட்டையும் யூனிட்டையும் பிரிச்சிக்கலாம், அதுக்கப்புறம் அவள இங்க கூப்பிட்டுக்கிறேன் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமோ என்று கூடத் தோன்றுகிறது. இத்தனை நாள் இதற்குத்தான் காத்திருந்தார்களோ என்னவோ.

பிரிவினை என்றதும் பயந்துவிட்டேன், ஒளிக்கவில்லை. அத்தையும் மாமனாரும் காலமான பிறகும் ஒரே உலையில் பொங்கிய வீடு. நீங்கள் இல்லாத வீட்டில் நான் தனியாக எப்படி இருப்பேன்? நீங்களே தம்பிக்குப் போன் போட்டு எடுத்துச் சொல்லுங்கள். நியாயம் என் பக்கம் இருக்கிறது.

தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் புதிதாக உப்புக் கலக்கப் போகிறேன்.

உங்கள்
வேல்விழி


விருத்தாசலம்
12.10.2003

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த லெட்டரைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். பாரியிடம் காட்ட வேண்டாம்.

தண்ணீரை மாற்றினேன். மணலைக் கழுவினேன். பாறைகளையும் எடுத்துத் தேய்த்து அதே இடத்தில் வைத்தேன். தொட்டி மூடிக்குக் கொக்கி அடித்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிச் சரடில் கோத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். தண்ணீர் பழகட்டும் என்று காத்திருந்து, அப்புறம் கொளஞ்சியப்பனிடம் சொல்லி மறுபடியும் நத்தையும் இறாலும் வாங்கி விட்டேன். அந்த வாரமே எல்லாம் மல்லாந்துவிட்டன. பூட்டு பூட்டினபடி இருக்கிறது. சாவி என் கழுத்தில் இருக்கிறது. செல்வநாயகி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறாள்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது உங்கள் தம்பிதான். அவருக்கு இன்னொரு சாவி இருக்குமோ என்று அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். பஸ் டிக்கெட்டும் ஒரு பீடிக்கட்டும் இருந்தன. டிக்கெட் ஸ்ரீமுஷ்ணத்து டிக்கெட். அவளைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் என்று யாரும் மிச்சம் இல்லாமல் போன பிறகுதான் தொட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தேன். இரண்டு பக்கெட்டில் உப்புத் தண்ணீர் கலந்து ஒவ்வொன்றிலும் புதிதாக வாங்கின ஒரு நத்தையை விட்டேன். ஒன்றில் மட்டும் என் பச்சைப் பாறையில் ஒரு துண்டு போட்டேன். பாறை இல்லாத பக்கெட்டில் நத்தை விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. மற்றது விழுந்துவிட்டது. பாறையை எடுத்து நகத்தால் சுரண்டினேன், பச்சை மாவாக உதிர்ந்தது. சூளை ஓரத்தில் சூடு போதாமல் கிளேஸ் சரியாக வேகவே இல்லை. பச்சை வருவதற்குக் காப்பர்தானே சேர்க்கிறோம் மாமா. எனக்கா தெரியாது? கலக்குகிற கையே என் கைதான். காப்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கண் அவள் குடத்துக்குப் போனதே தவிர என் பாறைக்குப் போகவில்லை.

உங்கள் தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன். பாறையைக் கையில் வாங்கிப் பார்த்தார். சரி அண்ணி என்றார், அவ்வளவுதான். பிரிக்கிற பேச்சை விட்டுவிடுங்கள் என்றேன். அது அவ சொல்லணும் என்றார்.

போன சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போனேன். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். செல்வநாயகி அம்மா நாற்காலி போட்டு, வாங்கம்மா என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பஸ் கூட்டமா, உங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காரா என்று உங்களையும் விசாரித்தார்கள். ஒரு குத்தல் வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வநாயகி உள்ளேயிருந்து வந்து, வாங்க என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அவளே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மாமா, இதை எழுதவே கூசுகிறது. வாங்கினேன், குடிப்பதற்கு முன்னால் டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். மனசில் ஒன்றும் நினைத்துப் பார்க்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எதைக் கொடுத்தாலும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பது என் பழக்கம், உங்களுக்குத் தெரியும், நீங்களே கிண்டல் பண்ணியிருக்கிறீர்கள். ஆனால் அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். உடனே சூட்டோடு மடமடவென்று குடித்தேன், நாக்கு வெந்துபோனது. என்ன பிரயோஜனம்?

அப்புறம் பாறை விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிச்சிடு, வீட்டுக்கு வா என்றேன். முழுசாகக் கேட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கல்லுதான்னு தெரிஞ்சதும் வந்துட்டீங்க, சந்தோஷம், கல்லுன்னு தெரியாமலே போயிருந்தா என் பக்கம் யாருங்க பேசியிருப்பாங்க என்று கேட்டாள். இருட்டறதுக்குள்ள பஸ்ஸு இருக்குது, பாத்துப் போங்க என்றாள். போயிட்டு வரேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அது என்னை மட்டும் கேட்ட கேள்வி இல்லை மாமா. நீங்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைக் கொடு, நான் செல்வநாயகியிடம் பேசுகிறேன் என்று நீங்கள் ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் பையை எடுத்திருக்க மாட்டாளோ என்னவோ. உங்கள் மேல் பழி போடவில்லை. உங்களிடம் இல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பச்சைப் பாறைகளை எடுத்து உடைத்துப் புதைத்துவிட்டேன். கிளேஸ் போடாமல் வெறும் மண்ணில் புதிதாகச் சுட்டு வைத்திருக்கிறேன். மீன்கள் இருக்கின்றன. வேறு எதுவும் வாங்கி விட மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நேராக வீட்டுக்கு வராதீர்கள். பெட்டியோடு முதலில் ஸ்ரீமுஷ்ணம் போங்கள். எனக்காக எதுவும் பேச வேண்டாம், நியாயமும் சொல்ல வேண்டாம். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போய் அவள் கையால் இலை போடச் சொல்லுங்கள். அவள் என்ன வைத்தாலும் குனிந்து பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்துச் சாப்பிடுங்கள். நான் சாப்பிட வேண்டியதையும் சேர்த்து நீங்களே சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
வேல்விழி