திரும்ப விடாத கண்ணாடி

சிங்கப்பூர், 12.7.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலுப் பிள்ளை தியாகு கும்பிட்டு எழுதுவது. எனக்கு உடம்பு சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே என் வேலை, மெல்லிய படலம் பூசிய கடுகளவு கண்ணாடியைக் காந்தத்துக்குள் பொருத்துவது. டெலிபோன் பேச்சைச் சுமக்கும் ஒளியை அது முன்னே விடும், திரும்ப விடாது. திரும்பினால் அந்த ஒளியை அனுப்பும் லேசர் கெட்டுவிடுமாம். போன வாரம் விளையாட்டுக்கு ஒன்றைத் தலைகீழாக மாட்டினேன். சோதனைத் திரை இருண்டது. "கரண்ட் போயிடுச்சுண்ணே!" என்றேன், பக்கத்து மேசை பஞ்சநதம் அண்ணனிடம். அவர் பயந்து மெஷினையே நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் என் லீவை ரத்து செய்துவிட்டார். பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில்தான்.

அந்த லீவில்தான் தாசில்தார் விசாரணைக்கு வருவதாக இருந்தேன். அப்பா இறந்ததும் குத்தகை நிலத்தைப் பிடுங்கப் பார்க்கும் மிராசுதார், "மவன் சிங்கப்பூர்ல இருக்கான், வயல்ல யாரு பாடுபடுறா?" என்று கேட்பார். என் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

அதனால் என் பெயருக்குக் குத்தகைப் பதிவு கேட்காதே, உன் பெயருக்கே கேள். இத்தனை வருஷமும் நட்டது, களை பறித்தது நீதானே. உன்னோடு நடும் எல்லையம்மாள் அக்காவைச் சாட்சிக்குக் கூட்டிப்போ. வயலிலிருந்து நேரே, காலில் சேறோடு போ.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. கடிதம் நீளமாக எழுது, வாய்க்காலில் தண்ணீர் வந்த கதையானாலும் சரி.

நான் வந்ததும் உன்னிடமே கூலிக்கு நடுகிறேன். சோறு போட்டால் போதும், முதலாளியம்மா. மணி அடித்துவிட்டது.

தியாகு