எங்கட ஆக்களின் கச்சேரிக்குச் சொல்ல வந்த நீ

மச்சான்,

மார்க்கம் நகரில் ஒரு கராஜில் காருக்கு மாரிப் பனிக்கான ரயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். புது ரயர் மணமும் கருகிய கோப்பி மணமும் கலந்து வந்தன. சுவரில் இருந்த ரேடியோவில் ஒரு பெண் போக்குவரத்துச் செய்தி வாசித்து முடித்தாள். அடுத்து ட்றம்ஸில் நான்கு தட்டு. நான்காவது தட்டு ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. பாட்டுத் தொடங்க முன்னமே ஆட்கள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கால் தன்பாட்டில் தாளம் போட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த சீன அம்மா என் காலையும் கலங்கிய கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். காருக்குப் பெரிய பழுதென்று நினைத்திருப்பார், பாவம்.

அந்த அயர்லாந்து இசைக்குழுக்காரரை நாங்கள் தேடிப் போகவில்லை. அவர்கள் உன் முதல் காருக்குள் ஏற்கெனவே இருந்தார்கள். நாங்கள் இருவரும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில், நீ ஒன்பதாம் மாடி, நான் நான்காம் மாடி, குடியிருந்த காலம். யன்னல் செய்யும் தொழிற்சாலைக்குக் காலையில் சேர்ந்து போவோம். நீ வாங்கிய பழைய காரின் பிளேயரில் ஒரு கசெற் இறுகிக் கிடந்தது. கரண்டிக்காம்பு, குறடு, கடைசியில் என் மனுசி சாந்தியின் தலைமயிர்ப் பின், ஒன்றுக்கும் அது அசையவில்லை. ரேடியோ வேலை செய்யாது. கசெற் மட்டும் பாடும். இரண்டு மாரி முழுக்க வேறு வழியில்லாமல் கேட்டோம். சில பேர் காதலித்துக் கல்யாணம் செய்வார்கள், சில பேர் கல்யாணம் செய்து காதலிப்பார்கள். நாங்கள் இரண்டாவது ரகம்.

ஊரில் உன் தீவில் மாதா கோவில் பாடகர் குழுவில் பேஸ் கிற்றார் அடித்தவன் நீ. அதனால் உன் காது அடியிலேயே நின்றது. "மேல கத்துறவனை விடு. கீழ ஒருத்தன் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் பார், அவன்தான் வீட்டைத் தாங்கிறவன்," என்பாய். நான் ட்றம்ஸ்காரன். எனக்கு அந்த நான்காவது தட்டுத்தான் புதினம். இரண்டு கிற்றாரும் துரத்திக்கொண்டு ஓடும், நடுவில் ஒரு வயலின் குறுக்கே பாயும், ட்றம்ஸ் மட்டும் அவசரப்படாமல் பின்னால் வரும். அந்த இழுப்பில்தான் பாட்டு விழுந்துவிடாமல் நின்றது.

பிறகு நீ அவர்களின் வரலாறு முழுக்கத் தேடிப் படித்தாய். ஒருநாள்கூடக் குழுவின் பெயரைச் சொன்னதில்லை. உனக்கு அவர்கள் "எங்கட ஆக்கள்". ஒரு துறைமுகப் பட்டணத்தில் ஒரே தெருவில் வளர்ந்த நான்கு பெடியன்கள். தேத்தண்ணி நேரத்தில் அவர்களின் கதையை ஒன்றுவிட்ட சகோதரங்களின் கதை மாதிரிச் சொல்வாய். முதல் இசைத்தட்டு, எங்கள் காரில் மாட்டுப்பட்டது, மீன்பெட்டி அடுக்கும் கொட்டில் ஒன்றில் பழகிய பாட்டுகளாம். இரண்டாவது உலகமெல்லாம் போனது. மூன்றாவதில் வேகத்தைக் கைவிட்டார்கள். பாடகன் கத்துவதை விட்டுக் கதைப்பதுபோலப் பாடினான், கிற்றார்கள் பாதி இடத்தில் சும்மா நின்றன. ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. ட்றம்ஸ்காரன் விலகிப் போனான், குழு உடைந்தது.

"ட்றம்ஸ்காரனிலதான் பிழை," என்றாய் நீ.

"பாடினவனிலதான் பிழை. நல்லா ஓடினதை ஆர் மாத்தச் சொன்னது?" என்றேன் நான்.

நாங்கள் விளையாட்டுக்குத்தான் சண்டை பிடித்தோம். பிறகு அதே சண்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்களுக்கும் அப்போது ஒரு குழு இருந்தது. ஸ்காபரோ மண்டபங்களில் பிறந்தநாள், சாமத்தியவீடு, கல்யாணம் என்று வாரக்கடைசிகளில் வாசித்தோம். படப்பாட்டு, முடிவில் பைலா. அன்றைக்கு ஒரு ஐம்பதாவது பிறந்தநாள். சனம் ஆடிக்கொண்டு நிற்கிறது. நீ திடீரென்று பேஸைக் குறைத்தாய். ஒரு சுரம், பிறகு இடைவெளி, பிறகு ஒரு சுரம். மூன்றாவது இசைத்தட்டின் பைத்தியம் உனக்குப் பிடித்திருந்தது. ஆடினவர்கள் காலைத் தூக்கியபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குச் சூடு ஏறிவிட்டது. "சனம் ஆட வந்திருக்குது, தியானம் செய்ய வரேல்லை! உந்த ஐரிஷ் விசரைக் கொண்டுபோய் வீட்டில காட்டு!" என்று கத்தினேன். ட்றம்ஸுக்குப் பக்கத்து மைக் திறந்திருந்தது. முழு மண்டபமும் கேட்டுச் சிரித்தது. உன் மனுசி ரெஜினாவும் மகள் அனிற்றாவும் முன் மேசையில் இருந்தார்கள்.

நீ பேஸை இறக்கி வைத்தாய். வயரைக் கழற்றினாய், வளையம் வளையமாக ஆறுதலாகச் சுற்றினாய், போனாய். நான் அடுத்த நாள் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒரு கிழமை எடுக்காவிட்டால் பிறகு எடுப்பது வெட்கம், ஒரு வருடம் எடுக்காவிட்டால் அதுவே பழக்கம். அப்படி ஏழு வருடம் போனது.

அதற்கிடையில் நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினோம். குடிபூரலுக்கு உனக்குச் சொல்லவில்லை. சாந்தி இரண்டு தரம் கேட்டாள், நான் காது கேட்காதவன்போல இருந்தேன். மறு வருடம் அனிற்றாவின் கல்யாணம் நடந்ததாம், மண்டபத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கள் சனத்திடையே வீட்டுக்கு வந்து வாயால் சொன்னால்தான் அது அழைப்பு, போனில் சொன்னால் அது செய்தி. நீ இரண்டும் செய்யவில்லை. "பார்த்தியே, எங்களுக்குச் சொல்லேல்லை," என்று சாந்தியிடம் நியாயம் பேசினேன். நான் உனக்குச் சொல்லாதது அந்த நேரம் வசதியாக மறந்துபோயிற்று.

பிறகு அந்தச் சனிக்கிழமை. காலை பத்து மணி, கதவு மணி அடித்தது. போனில் கமராவைப் பார்த்தேன். வாசலில் நீ, பட்டுவேட்டி சால்வையோடு. பக்கத்தில் ரெஜினா, கூறைச்சீலை மாதிரி ஒரு சிவப்புச் சேலையில். அவள் கையில் வெள்ளித் தட்டம்.

"ஆரோ கலியாணம் சொல்ல வந்திருக்கினம்," என்று சாந்தி தலையை வாரிக்கொண்டு ஓடிவந்தாள்.

உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, எல்லாம் முறைப்படி செய்தாய். பிறகு இருவரும் எழுந்து நின்று தட்டத்தை நீட்டினீர்கள். வெற்றிலை, பாக்கு, குங்குமச்சிமிழ், வாழைப்பழம். நடுவில் நான்கு ரிக்கற்.

"எங்கட ஆக்கள் திரும்பச் சேர்ந்திட்டாங்கள். வாற மாசம் வாவிக்கரையில கச்சேரி. குடும்பத்தோட கட்டாயம் வரவேணும். பிறகு சொல்லேல்லை எண்டு கதைக்கக் கூடாது."

"வேதக்காரனுக்கு என்னடா குங்குமச்சிமிழ்?" என்றேன். வேறு எதைச் சொல்ல முயன்றிருந்தாலும் அழுதிருப்பேன்.

"உங்கட முறைப்படி வந்தாத்தானே நீ கதவைத் திறப்பாய்."

சாப்பிடும்போதுதான் மற்றதைச் சொன்னாய், அதுவும் ரெஜினா இடித்த பிறகு. அனிற்றாவின் கல்யாணத்துக்கு நீ சொல்ல வந்திருக்கிறாய். அந்தக் கட்டடத்தை எங்களுக்கு முன்னமே விட்டுப் போன நீ, திரும்ப வந்து நான்காம் மாடியில் எங்கள் பழைய கதவைத் தட்டியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒரு பெண் திறந்து, நாங்கள் வீடு வாங்கிப் போய்விட்டோம் என்று சொல்லியிருக்கிறாள். கையில் கார்டோடு நீ அந்த நடையில் நின்றிருக்கிறாய்.

"ஆரையும் கேட்டு விலாசம் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா என்ன நடக்கும்? நீ எனக்குக் குடிபூரலுக்குச் சொல்லேல்லை எண்டது ஊருக்கே தெரிஞ்சிடும். உனக்குத்தானே மரியாதைக் குறைவு."

"இப்ப என்னெண்டு கண்டுபிடிச்சனி?"

"மகள் உன்ர பெடியனிட்டக் கேட்டவள். பிள்ளையள் எங்களைப் போல இல்லை, அதுகள் எப்பவோ கதைக்கத் தொடங்கீட்டுதுகள்."

என்னால் அவமானப்பட்டவன், என் அவமானத்தை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

கச்சேரிக்குப் போனோம். வாவியில் இன்னும் வெயில் இருந்தது. எங்கட ஆக்களுக்கு வயிறு வைத்து, தலை வெளுத்திருந்தது. விலகிப்போன ட்றம்ஸ்காரன் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னால் வந்து இருந்தான். முதல் பாட்டு, எங்கள் காரில் ஆயிரம் தரம் ஓடிய அதே பாட்டு. ஆனால் பாதி வேகம். துரத்தி ஓடிய கிற்றார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. வயலின் கடைசி வரைக்கும் பொறுத்திருந்து வந்தது. பேஸ் ஒரு சுரம், பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் ட்றம்ஸ்காரன் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தான். மண்டபத்தில் நீ என்னிடம் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

"உந்தப் பாட்டு அப்ப இப்பிடி இருக்கேல்லையே மச்சான்," என்றேன்.

"அப்ப அவங்களுக்கு இருவது வயசு. எங்களுக்கும் வேலைக்குப் போற அவசரம்," என்றாய்.

அதன் பிறகு மூன்று வருடம் ஞாயிறு பின்னேரங்களில் உன் பேஸ்மென்றில் நாங்கள் இரண்டு பேரும் வாசித்தோம். கேட்க ஒருவரும் இல்லை. ரெஜினா படியில் நின்று, "ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி, மேல வாங்கோ," என்பாள். நான் வாசித்த காலத்தில் அதுதான் நல்ல காலம். மண்டபத்தில் கத்தியதற்கும் கல்யாணத்துக்கு வராததற்கும் மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயெடுத்தேன். "பழங்கதையை விடு. நாலாவது தட்டைக் கொஞ்சம் பிந்திப் போடு," என்று பேஸைத் தூக்கிவிடுவாய். பிறகு உனக்கு வருத்தம் வந்து, படுக்கையில் விழுந்தாய். ஆசுப்பத்திரியில் கேட்கலாம் என்று போன நாளில் நீ நித்திரை. அடுத்த நாள் நீ இல்லை. கேட்காத அந்த ஒரு வார்த்தை என்னிடமே மிஞ்சிவிட்டது.

வரும் கோடையில் என் மகனுக்குக் கல்யாணம். போன ஞாயிறு சாந்தியும் நானும் தட்டத்தோடு மார்க்கத்தில் அனிற்றா வீட்டுக்குப் போனோம். ரெஜினாவும் இப்போது அங்கேதான்.

"அங்கிள், யூ குட் ஹாவ் ஜஸ்ற் ரெக்ஸ்ரட் மீ!" என்று, போனில் ஒரு வரி எழுதினால் போதாதா என்பதுபோல, அனிற்றா சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"கொப்பா எனக்கு ரெக்ஸ்ற் பண்ணேல்லை பிள்ளை. பண்ணியிருந்தா நான் போயிருக்க மாட்டன்."

முறைப்படி சொல்லி முடித்து இருந்த பிறகு அவளிடம் கேட்டேன். "உன்ர கலியாணத்துக்கு நான் வரேல்லை. பிழை என்ரதான். கொப்பாட்டக் கேக்க நினைச்சனான், அவர் விடேல்லை. நீ மன்னிக்க வேணும்."

அவள் தாயைப் பார்த்தாள். ரெஜினா தலையாட்டினாள்.

"அங்கிள், அண்டைக்கு எங்கட ஃபமிலி ரேபிளில ரெண்டு கதிரை எம்ப்ரி. அப்பா ஒருத்தரையும் இருக்க விடேல்லை. ஹோல் மனேஜர் கதிரையை எடுக்க வர, 'ஆக்கள் வருவினம், தூரம், பிந்தும்' எண்டு சொன்னவர்."

மச்சான், ஏழு வருடம் நீ என்னோடு கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் திரிந்தேன். நீ கதிரை போட்டுவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நன்றி என்ற சொல் இதற்குக் காணாது, ஆனாலும் வேறு சொல் என்னிடம் இல்லை.

இன்னும் நாற்பது வீடு சொல்ல இருக்கிறது. அதில் மூன்று, நான் கதைக்காமல் விட்டவர்களின் வீடுகள். சாந்தியிடம் சொல்லிவிட்டேன், முதலில் அங்கேதான் போகிறோம்.