உப்பில்லாத உப்புச்சாறு

பிப்ரவரி 3, செவ்வாய், காலை 6.40. எங்கள் செக்‌ஷனில் மெடிக்கல் செக்கப் செய்துகொண்டவர்கள் 38 பேர். டாக்டரிடம் போகச் சொன்னது ஒருவனை. என்னை.

மத்திகிரியில் பனி. கம்பெனி பஸ் லேட். நேற்று கம்பெனி சிஸ்டர் நடந்துகொண்டே சொன்னது: "தம்பி, யூரின்ல உப்பு இருக்குது. கிட்னி டாக்டர பாத்துருங்க. ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும்." வயது 26. டயாலிசிஸ் வீடியோ நான்கு பார்த்தேன். தூக்கம் இல்லை.

வியாழன் வரை காத்திருக்க நான் ஆளில்லை. இன்று முதல் உப்பு கட். தெம்புக்கு புரோட்டீன் பவுடர், ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு.

இரவு. ரூம்மேட் மஞ்சு, அதே கம்பெனி; கர்நாடக எல்லையில் தளி ஊர்க்காரன். சமையல் அவன்: கேழ்வரகுக் களி, பருப்பும் கீரையும் வெந்த தண்ணீரில் உப்புச்சாறு. உப்பு போடாதே என்றேன். "ஏன் குரு, பேர்லயே உப்பு இருக்குது. அதை எடுத்துட்டா வெறும் சாறு. நீயே குடி."

குடித்தேன். கொடுமை.

பிப். 4, புதன்

காவேரிப்பட்டினத்திலிருந்து அம்மா போன். மஞ்சு சொல்லிவிட்டான், துரோகி. "உங்கப்பனுக்குச் சக்கரை, உனக்கு உப்பா? மளிகைக் கடையே வெச்சிரலாம்டா சாமி." சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கேன்டீன். சாம்பார் தொடவில்லை. தயிர்சோறு இறங்கவில்லை, ஊறுகாய் இரண்டு பாக்கெட். எதிரே மஞ்சு: "அதுல என்ன, வெல்லமா போட்டிருக்கான்?"

பிப். 5, வியாழன்

ஓசூர், கிட்னி டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்தார். "யூரின்ல உப்புன்னா சாப்பிடற உப்பில்லப்பா. ஆல்புமின், புரதம். நம்ம பக்கம் அதையும் உப்புன்னே சொல்லிப் பழகிட்டாங்க. நீ என்ன பண்ணின?"

சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். "புரதம் ஒழுகுதான்னு நான் பாக்கணும். நீ ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டிருக்க!"

டிராயிங் படிக்காமல் மிஷினில் பீஸ் போடாதே என்று தினமும் ஆபரேட்டர்களைத் திட்டும் க்யூ.சி. இன்ஜினியர் நான்.

செக்கப்புக்கு முந்தின நாள் ஜிம் போனாயா என்று கேட்டார். போனேன், வாந்தி வரும்வரை. "அதனாலயும் இருக்கலாம், இல்லாமயும் போகலாம். பவுடர், ஜிம் ரெண்டும் நிறுத்து. திங்கட்கிழமை காலைல முதல் யூரின் குடு. ரத்தத்துல கிரியேட்டினினும் பாத்துடலாம்."

இல்லாமயும் போகலாம். பஸ் முழுக்க அதே வாக்கியம்.

பிப். 9, திங்கள், மாலை

ஆல்புமின் இல்லை. கிரியேட்டினின் நார்மல். அம்மாவுக்கு போன். "சரி வை, பாலு பொங்குது" என்றாள். அவள்தான் வைக்கவில்லை. ரொம்ப நேரம்.

பி.பி. மட்டும் கொஞ்சம் மேலே. டாக்டரம்மா: "இப்பதான்பா நிஜ உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், மிக்சர், சிப்ஸ், எல்லாம்." ரூமுக்கு வந்து சொன்னேன்; மஞ்சு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இனி:

1. பவுடர் டப்பாவை, விற்ற ஜிம் மாஸ்டர் தலையிலேயே கட்ட.
2. மஞ்சு: உப்புச்சாறு, பாதி உப்பு. பெயர் அப்படியே இருக்கலாம்.
3. ஒரு மாதம் கழித்து பி.பி., யூரின் மறுபடி. ரிப்போர்ட்டை நானே படிக்க.
4. ஞாயிறு, காவேரிப்பட்டினம். அப்பாவை இதே டெஸ்டுக்கு இழுத்து வர. இத்தனை வருடச் சக்கரை; இந்த உப்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வரமாட்டேன் என்பார். பேசி மடக்க மஞ்சுவையும் கூட்டிப் போக.