குளிர்கடலுக்கு என்ன உடுத்துவது

ட்ரைசூட்டா, வெட்சூட்டா? உன் மகள் கேட்கிறாள், தம்பி.

பீரோவின் மேலிருந்த பெட்டியை இன்று அவளே இறக்கித் திறந்தாள். ரப்பரும் டால்கம் பவுடரும் கலந்த வாசனை அறை முழுதும் பரவியது. உன் ட்ரைசூட், குளிர்கடலில் இறங்க நீ மாட்டிக்கொள்ளும் உடுப்பு. ஸ்காட்லாந்திலிருந்து உன் நண்பர் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை.

"அத்த, அடுத்த வாரம் அங்கதான் படிக்கப் போறேன். அப்பா பாய்மரம் கட்டுன பலகை ஓட்டுன அதே கடல். நான் மட்டும் கரையில நின்னு வேடிக்கை பாக்கவா?"

"பாரேன். என்ன குறைஞ்சு போச்சு?"

"போங்கத்த. எதைப் போடணும்னு மட்டும் சொல்லுங்க. அப்பா உங்ககிட்டதான எல்லாம் பேசுவாக."

பேசியிருக்கிறாய். கடைசியாக ஊருக்கு வந்தபோது, சிவகாசி முழுக்கத் தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த சீசனில், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்று சொன்னாய்: "வெட்சூட்ல தண்ணி உள்ள வரும்க்கா. வந்த தண்ணி உடம்புச் சூட்டுல வெதுவெதுன்னு அங்கனயே நிக்கும். ட்ரைசூட்ல சொட்டு இறங்காது. ஆனா அதுக்குன்னு தனியாச் சூடு கிடையாது. உள்ள என்ன போடுறமோ அதுதான் சூடு."

"கிழிஞ்சா?"

"வெட்சூட்டு கிழிஞ்சா குளிரும். ட்ரைசூட்டு கிழிஞ்சா கடலே உள்ள வந்துரும்."

அந்த வாசலில்தான் நம் அப்பா நிற்பார். உள்ளே போகும் ஒவ்வொருவர் கழுத்துப்பட்டையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். வெடிமருந்து இருக்கும் இடத்தில் நைலான் உரசினால் பொறி கிளம்பும். பருத்திக்கு மட்டுமே அனுமதி. முதலாளி மகன் என்றும் பார்க்கமாட்டார். "ஏலே, நைலானாலே இது? போயி மாத்திட்டு வா." பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த என்னிடமும் அதே விரல்கள்தான். "படிச்ச புள்ளைக்கும் பொறி ஒண்ணுதாம்மா."

அந்த விரல்களை நீ கடல் தாண்டியும் கொண்டுபோனாய். "கடைக்காரன் உள்ள பாலியெஸ்டர் கம்பளி மாதிரி ஒண்ணு போடணும்ங்கான். அதைத் தொட்டாலே அப்பா கை கழுத்துல வந்த மாதிரி இருக்குக்கா. நமக்குப் பருத்திதான்" என்று சிரித்தாய். குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நானும் சிரித்தேன்.

நீ கடைசியாகக் கடலில் இறங்கிய அன்று, நடுவழியில் காற்று விழுந்துவிட்டதாம். பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறாய், கையால் துடுப்புப் போட்டிருக்கிறாய், பிறகு பலகையில் உட்கார்ந்துவிட்டாய். படகு வந்தபோது உயிர் இல்லை. உடுப்புக்குள் கடல்நீர் ஒரு சொட்டு இறங்கவில்லை, பருத்திப் பனியன் மட்டும் வேர்வையில் தொப்பலாக நனைந்து குளிர்ந்து கிடந்தது என்றார் உன் நண்பர். பனியன்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. நம்பாமலிருக்கவும் முடியவில்லை. ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு ஆறிப்போகிற மனம் எனக்கு வாய்க்கவில்லை.

அவளுக்கு நான் என்ன சொல்ல? வெட்சூட் என்றால் அந்தக் குளிர் நேராக அவள் தோலைத் தொடும். ட்ரைசூட் என்றால் நீ கண்ணுக்குள் நிற்கிறாய். எதைச் சொன்னாலும் போ என்று சொன்னதாகத்தான் ஆகும். மாலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் புகாமல் இறுக்கும் கழுத்து ரப்பரை வெட்டிவிட்டால்? புதிதாக ஒன்று வாங்குவாள். உன் மகள்தானே. கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நாளை பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டு, இதை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கப்போகிறாளாம். இந்த ஊர் வெயிலில் ரப்பர் தாங்கியிருக்கிறதா என்று பார்க்கவாம். போனவர்கள் பேசமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்: அவளை நிறுத்த ஒரு சொல் கொடு.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஐஸ் பாரை இறக்கிவைத்த ஆட்டோக்காரர், "என்னக்கா, வீட்ல விசேசமா? ஜூஸ் போடுறீகளா?" என்றார்.

"இல்லண்ணே, என்னைத்தான் ஊறப்போடப் போறாக" என்றாள் உன் மகள்.

இடுப்புவரை உடுப்பை ஏற்றிக்கொண்டு, ரப்பர் வழுக்கி இறங்கக் கழுத்துக்குப் பவுடர் பூசச் சொல்லி என் முன்னால் குனிந்தாள். நான் யோசிக்கவே இல்லை. என் இரண்டு விரல்களும் தாமாகப் போய் அவள் உள்பனியனின் கழுத்தைப் பிடித்துத் தேய்த்தன.

"பருத்தியாத்தா இது?"

"ஆமாத்த. நம்ம வீட்டுல வேற என்ன போடுவோம்?"

"போயி மாத்திட்டு வா."

என்னை ஒரு கணம் பார்த்தாள். உள்ளே போய், பயணத்துக்கென்று வாங்கிய பாலியெஸ்டர் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். பவுடர் பூசினேன். கழுத்து ரப்பருக்குள் அவள் தலையை நானே இழுத்துவிட்டேன். இறங்கினாள். பல் கிட்டித்து, முகம் வெளுத்து, நான் போதும் போதும் என்று கத்திய பிறகுதான் ஏறினாள்.

இடது மணிக்கட்டு ரப்பரில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.

மணிக்கட்டு ரப்பரை அங்கே யாரிடம் மாற்றலாம் என்று கேட்டாள். உன் நண்பரின் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். போகாதே என்று நான் சொல்லவில்லை.